அழையா விருந்தாளி

சென்ற ஆண்டு கத்திரி வெயில் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னால், எங்கள் கும்பகோணத்து வீட்டின் ரேழியில், மின்சார மீட்டருக்குப் பக்கத்தில், ஒரு சாணுக்கும் குறைவான நீள அகலமுள்ள கறுப்பு அலுமினியப் பெட்டி ஒன்றை நிறுவினேன். தெருவிலிருந்து கண்ணாடி இழை வழியாக வரும் இன்டர்நெட், கூடத்துக்கும் மாடிக்கும் போவதற்கு முன் அந்தப் பெட்டியைத் தாண்டியாக வேண்டும். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்த்துச் செய்யும் காவல் உத்தியோகம் அதற்கு. இதைத் தீயரண் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள், அழகான சொல்தான், ஆனால் நாக்கில் வருவதென்னவோ ஃபயர்வால் என்பதே, ஆகையால் நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் தமிழும் சம்ஸ்கிருதமும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று இப்போது எண்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருக்கும் என் பெரியப்பா, நான் ஸ்குரூ முடுக்குவதைச் சாய்வு நாற்காலியிலிருந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"இது என்னப்பா பண்ணும்?"

"நாம கூப்பிடாம வெளியிலேர்ந்து எது வந்தாலும் உள்ளே விடாது, பெரியப்பா."

"யாரு, எவருன்னு கேக்காமலேயா?"

"கேக்காமலேதான்."

சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அப்போ அதிதி வந்தா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வேலை முடிந்து, கருவிகளை எடுத்து வைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்த பிறகுதான், பதில் சொல்லாமல் விட்ட அந்தக் கேள்வி, விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருப்பதைக் கண்டேன்.

அதிதி என்ற வடசொல்லுக்கு, திதி குறித்துச் சொல்லியனுப்பாமல் வருபவன் என்று ஒரு பொருளும், வந்த இடத்தில் ஒரு திதி முழுவதும் தங்காதவன் என்று மற்றொரு பொருளும் பெரியோர் கூறுவதுண்டு. எதைக் கொண்டாலும், நாம் எதிர்பாராதவன் என்பதே அவனுடைய லட்சணம். தமிழிலும் விருந்து என்ற சொல்லின் பழம்பொருள் புதுமை என்பது. மைத்துனனும் மாமனும் வந்து உண்டால் அது உறவு, முன்பின் அறியாத ஒருவன் வந்து உண்டால்தான் அது விருந்து. தைத்திரீய உபநிஷத்து, தாய், தந்தை, ஆசாரியன் ஆகிய மூவரோடு இந்த அறியாதவனையும் தெய்வமாகக் கொள்ளச் சொல்வதோடு நில்லாமல், தங்க இடம் தேடி வந்த எவனையும் திருப்பியனுப்பக் கூடாதென்பதை ஒரு விரதமாகவே விதிக்கிறது. கடோபநிஷத்திலோ, நசிகேதன் என்ற சிறுவன் தன் வீட்டு வாசலில் மூன்று இரவுகள் உணவின்றிக் காத்துக் கிடந்தான் என்று அறிந்தவுடன், உயிர்களையெல்லாம் நடுங்கவைக்கும் யமன் தானே நடுங்கி, இரவுக்கு ஒன்றாக மூன்று வரங்களைக் கொடுத்து அந்தத் தோஷத்தைக் கழித்துக்கொள்கிறான். இத்தனைக்கும் நடுவில், 'அழையா விருந்தாளி' என்பது நம் ஊரில் ஒரு வசைமொழியாகவும் வழங்கி வருகிறதென்பதை மறைப்பதற்கில்லை. சாஸ்திரம் கூடத்தில் பேசியது. வசை சமையலறையில் பேசியது.

இனி, பெட்டியின் ஆசாரத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் வெளியே ஒரு சொல் அனுப்பினால், அனுப்பியவர் யார், எந்த வாயில் எண்ணிலிருந்து, யாருக்கு, அவருடைய எந்த வாயில் எண்ணுக்கு, எந்த விதமான பேச்சு என்ற ஐந்து விவரங்களை அது தன் ஏட்டில் குறித்துக்கொள்கிறது. மறுமொழி வரும்போது ஏட்டைப் புரட்டி, நாம் கூப்பிட்டவன்தான் என்று கண்டால் வழிவிடுகிறது. ஏட்டில் பெயரில்லாதவன் எத்தனை நல்லவனாயினும் வாசலோடு சரி. நான் போட்டிருக்கும் மென்பொருள் ஓபிஎன்சென்ஸ். அதன் அடியில் நின்று இந்த வேலையைச் செய்யும் பி.எஃப். என்ற வடிகட்டியை, ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்துக்காக டேனியல் ஹார்ட்மையர் என்பவர் 2001-இல் எழுதினார். நன்கு நிலைபெற்ற ஓர் உரையாடல் நடுவில் மௌனமாகிவிட்டால், வேறு உத்தரவு இல்லாதவரை, 86,400 விநாடிகள், அதாவது சரியாக ஒரு பகலும் ஓர் இரவும் பொறுத்திருந்துவிட்டுத்தான் அது அந்தப் பெயரை அழிக்கிறது. அழைத்தவரை மறவாமை அதனிடம் பூரணமாக இருக்கிறது. அழைக்காதவரை அறியாமையும் அதே அளவுக்குப் பூரணம். ஆகவே பெரியப்பாவின் ஐயம் பொய்யன்று: எவனைத் தெய்வமென்று நம் முன்னோர் எண்ணினார்களோ, இலக்கணம் பிசகாமல் அவனையே பிரித்தெடுத்து நிராகரிப்பதற்கென்று ஒரு யந்திரத்தை நான் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன்.

அன்று இரவு எல்லாரும் படுத்த பிறகு, அந்த நிராகரிக்கப்பட்டவர்கள் யாரென்று பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். பெட்டிக்கு முகம் கிடையாது. திரை பொருத்தும் துளையே அதில் வைக்கவில்லை. ஒன்பது முள் கொண்ட பழைய சீரியல் கேபிள் ஒன்றைச் சொருகி, 115200 என்ற வேகத்தை மந்திரம்போலப் பிசகாமல் சொன்னால்தான் வாய் திறக்கும். எண் தவறினால் கிறுக்கலாகத்தான் உளறும். மாதக் கட்டணம் கொடுத்து நிலையான பொது முகவரி ஒன்றை நான் வாங்கியிருந்தபடியால், தெருவில் போகிற யாரும் எங்கள் வாசலைத் தொடலாம். தொட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். டம்ளரில் காபி ஆறுவதற்குள் திரை நிறைந்துவிட்டது: ஒருவன் 23-ஆம் வாயிலைத் தட்டினான், ஒருவன் 22-ஐ, ஒருவன் 445-ஐ, ஒருவன் 3389-ஐ, ஒவ்வொருவனும் ஒரே ஒருமுறை தட்டிவிட்டு அடுத்த கணம் காணாமற்போனான்.

இவர்களா அதிதிகள்? 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இஸட்மேப் என்ற கருவி ஒன்றை வெளியிட்டார்கள். கிகாபிட் இணைப்புள்ள ஒரே ஒரு சாதாரணக் கணினியை வைத்துக்கொண்டு, பழைய முகவரி முறையில் இருக்கக்கூடிய சுமார் 429 கோடி முகவரிகளில் பொது வீதியில் உள்ளவற்றையெல்லாம் முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று அவர்கள் மெய்ப்பித்தார்கள். உலகத்திலுள்ள அத்தனை கதவுகளையும் ஒரு சீரியல் பார்த்து முடிக்கும் நேரத்தில் தட்டிவிட்டுப் போகிறவன், எந்தக் கதவுக்கும் வந்தவனல்லன். அதிதி ஒரு வீட்டுக்கு வருகிறான். அவனுக்குப் பசி இருக்கிறது, கால் வலிக்கிறது, வெளியே மழை பெய்கிறது. கதவு திறக்காவிட்டால் அவனுக்கு ஏதோ ஒன்று நேர்ந்துவிடும். இந்தத் தட்டலுக்குப் பின்னால் பசியில்லை. திறக்காவிட்டால் துன்பப்படுவதற்கு அங்கே யாருமே இல்லை. உபநிஷத்து விதித்த விரதம் வருகிறவனுடைய தேவையின்மேல் நிற்பதே தவிர, வருகை என்ற வெறுஞ்செயலின்மேல் நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எனினும், அவ்வளவோடு கையைக் கழுவிவிடவும் முடியவில்லை. 23-ஆம் வாயிலைத் தட்டியவர்களில் பலர், தாங்களே அகப்பட்டுக்கொண்டவர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கண்காணிப்புக் கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ரௌட்டர்களையும், தயாரித்தவர் வைத்துக்கொடுத்த கடவுச்சொல்லை வாங்கியவர் மாற்றவில்லை என்ற ஒரே காரணத்தால், அறுபத்துச் சொச்சம் பெயர்–கடவுச்சொல் ஜோடிகளைக் கொண்டு லட்சக்கணக்கில் வசப்படுத்தி, அவற்றைக் கொண்டே மேலும் வாசல்களைத் தட்டவைத்து, அந்த அக்டோபரில் இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் அமெரிக்காவின் டைன் என்ற நிறுவனத்தைத் திணறடித்தது. அப்படிப்பட்ட கேமராவின் சொந்தக்காரர் எங்கோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் வீட்டுப் பொருள், பேய் பிடித்ததுபோல், இரவெல்லாம் அயலார் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். இதைக் கண்ட பிறகுதான், உள்ளே வருவதைப்போலவே, என் வீட்டிலிருந்து வெளியே போவதையும் காவலன் பார்க்க வேண்டும் என்று விதி எழுதினேன். மாடிப்படிக் கேமரா வீட்டைத் தாண்டி வெளியே ஒரு சொல்லும் பேசக்கூடாது. அகிம்சை என்பதற்கு இப்படியும் ஓர் அனுஷ்டானம் உண்டாகும் என்று முன்பு நான் நினைத்ததில்லை.

காவலனைத் தேடிய கதையை இங்கே சொல்ல வேண்டும். ஏனெனில், ஒருவனை வாசலில் நிறுத்தி மறுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதும் இந்தக் கேள்வியின் ஒரு பாதிதான். இணைப்புக் கொடுத்தவர்கள் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கூடவே கொடுத்திருந்தார்கள். அதற்கும் ஃபயர்வால் என்று பெயர் உண்டு. ஆனால் அதன் உயர்ந்த கடவுச்சொல் எங்களிடம் இல்லை, அவர்களிடம் இருந்தது. நம் வாசலில் நின்றுகொண்டு வேறொருவரிடம் சம்பளம் வாங்குகிறவன் காவலனா, ஒற்றனா என்பதை நாம் எப்படி அறிவது? அடுத்து, பரணிலிருந்த பழைய மேஜைக் கணினியை இறக்கி, இன்னொரு நெட்வொர்க் கார்டு சொருகி, அதையே காவலனாக்கினேன். வேலை செய்தது. ஆனால் இரவும் பகலும் விசிறி இரைந்தது. மூன்று மாதத்தில் மூடியைத் திறந்தபோது, விசிறியின் இறகுகளில் பஞ்சுத் திரிபோலத் தூசி சுற்றியிருந்தது, பவர் சப்ளையின் ஓரத்தில் ஒரு பல்லி முட்டையிட்டிருந்தது. கணக்குப் பார்த்தால், 60 வாட் இழுக்கும் யந்திரம் ஓய்வின்றி ஓடினால் ஆண்டுக்கு 525 யூனிட். ஒரு வீட்டுக்கு வேண்டிய காவலைச் செய்ய அதில் எட்டிலொன்று போதும். அந்தக் காவலன் காவல் காத்ததைவிடத் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதற்குச் செய்த பிரயத்தனமே அதிகம்.

ஆகவே விசிறியில்லாப் பெட்டி. விசிறியில்லை என்றால் வெப்பமில்லை என்று நினைத்துக்கொள்வது தவறு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நான் வாங்கியது, சுவிட்சர்லாந்தின் பி.சி. என்ஜின்ஸ் நிறுவனத்தார் செய்த ஏ.பி.யு.2 என்ற பலகை, அதுவும் ஒரு நண்பர் பயன்படுத்திக் கழித்தது. நான்கு கருக்கள் கொண்ட ஒரு கிகாஹெர்ட்ஸ் ஏ.எம்.டி. சிப், 4 ஜிபி நினைவகம், மூன்று நெட்வொர்க் போர்ட்டுகள். சிப்பைப் பலகையின் மேற்புறத்தில் வைக்காமல் அடிப்புறத்தில் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் மெத்தென்ற ஒரு வெப்பப் பட்டை, பட்டையின்மேல் ஓர் அலுமினியத் தகடு, தகட்டுக்கு அப்பால் மறுபடியும் ஒரு பட்டை, பிறகு பெட்டியின் அடித்தகடு என்று, உள்ளே பிறக்கும் சூடு ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறி, கடைசியில் பெட்டியின் உடல் முழுவதிலும் பரவிக் காற்றில் கரைகிறது. பட்டைகளின் இருபுறமும் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை உரிக்க மறந்தால் இந்தச் சங்கிலி அறுந்துபோகும். உரித்ததை எண்ணி மேஜைமேல் வரிசையாக வைத்துக்கொண்டுதான் நான் மூடினேன். தபஸ் என்ற சொல்லின் மூலப்பொருளே வெப்பம் என்பார்கள். சூடே இல்லாதவன் தபஸ்வியல்லன். சூட்டைக் கொண்டுபோய்த் தள்ளுவதற்கு இன்னொரு யந்திரத்தை வேண்டாதவன், தன் உடல் முழுவதாலும் அதைச் சுமந்து ஆற்றிக்கொள்கிறவன் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதற்கும் ஒரு நிபந்தனை: சூடு குறைவாகப் பிறக்க வேண்டும். இந்தப் பெட்டி இழுப்பது ஏறக்குறைய 8 வாட். ஆண்டுக்கு 70 யூனிட்.

தபஸ்விக்கும் வெட்டவெளி வேண்டும் என்பதைச் சித்திரை மாதத்தில் கற்றுக்கொண்டேன். பார்வைக்கு அழகாயிருக்கட்டும் என்று முதலில் பெட்டியை ரேழியின் சுவர் அலமாரிக்குள் வைத்து மரக்கதவையும் சாத்தியிருந்தேன். ஒரு பிற்பகல் கதவைத் திறந்து பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தவன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். இத்தகைய சிறு பெட்டிகள் பலவற்றின் விவரச்சீட்டில், சுற்றுப்புறம் 40 டிகிரிவரை இருக்கலாம் என்று போட்டிருக்கும். அந்த எண்ணை எழுதியவர் காவிரிக்கரையில் கத்திரி வெயிலில் சாத்திய அலமாரியை நினைத்துப் பார்த்து எழுதியிருக்க மாட்டார். பவர் சப்ளைகளில் இருக்கும் மின்பகுளிக் கபாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்தோறும் பாதியாகக் குறையும் என்பது தொழிலறிந்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அன்றே பெட்டியை வெளியே எடுத்து, சுவரில் நிமிர்த்தி மாட்டிவிட்டேன். அழகு போயிற்று. சூடு தணிந்தது.

இதைவிட வலிய காவலர்கள் சந்தையில் கிடைக்காமலில்லை. 2023 முதல் இன்டெலின் என்100 சிப் வைத்த விசிறியில்லாப் பெட்டிகள் வருகின்றன; நான்கு போர்ட்டுகள், ஒவ்வொன்றும் 2.5 கிகாபிட், 16 ஜிபி நினைவகம் என்று விளம்பரம் பேசும். என் இணைப்பு 100 மெகாபிட். ஏ.பி.யு.2 கிகாபிட் இணைப்பில் மூச்சு வாங்கும் என்பது உண்மையே, என் இணைப்புக்கு அது அரைத் தூக்கத்தில் வேலை செய்கிறது. விவரம் தெரிந்த ஒரு தம்பி, "அண்ணா, என்100 வாங்கிட்டா அதுலயே சினிமா சேமிச்சு வெச்சுக்கலாம், கேமரா பதிவும் போட்டுக்கலாம், இன்னும் நாலு சர்வர் ஓட்டலாம்" என்றான். அவன் சொன்னது நியாயமான சிக்கனம்; மறுப்பதற்கு எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. வாசற்காவலனிடம் பண்டசாலைச் சாவியையும் கொடுத்து, பகலில் பாட்டுப் பாடவும் சொன்னால், அவன் கெட்டிக்காரனாயிருந்தாலும், காவலுக்கு வெளியே அவனுக்குப் பத்து ஈடுபாடுகள் முளைத்துவிடும். ஒவ்வொரு ஈடுபாடும் அவனை வெளியிலிருந்து தொடுவதற்கு ஒரு கைப்பிடி. மறுக்கும் அதிகாரத்தை ஒருவனிடம் ஒப்படைக்கும்போது நான் முதலில் பார்க்க விரும்புவது அவன் பலத்தையன்று. அவனுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்பதை. ஒன்றும் வேண்டாதவன் மறுத்தால் அதில் விதி மட்டும் இருக்கும். வேறு எவன் மறுத்தாலும் விதியோடு அவன் விருப்பமும் கொஞ்சம் கலந்துவிடும்.

அந்தப் பலகையை இப்போது அவர்கள் செய்வதில்லை, நிறுத்திவிட்டார்கள். இந்தத் துறையில் நிறுத்துவதிலும் ஒரு நாகரிகம் உண்டு. மோனோவால் என்ற முன்னோடி மென்பொருளை 2003-இல் தொடங்கிய மானுவல் காஸ்பர், 2015 பிப்ரவரியில் அதைத் தாமே முடித்துவைத்து, தம்மை நம்பியிருந்தவர்களை ஓபிஎன்சென்ஸிடம் போகச் சொன்னார். மடத்தைக் கலைத்துவிட்டுச் சீடர்களுக்கு வேறு மடத்தின் வழி சொல்லும் ஆசாரியர்களை நாம் அதிகம் பார்ப்பதில்லை.

காவலைப்பற்றி யோசிக்கும்போது மெய்ப்பொருள் நாயனார் சரித்திரத்தைத் தாண்டிப் போக முடிவதில்லை. திருக்கோவலூர் வேந்தராகிய அவரைப் போரில் வெல்ல மாட்டாத முத்தநாதன், மேனியில் நீறு பூசி, சடை முடித்து, ஆகமச் சுவடி என்று தோன்றும்படி ஒரு கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்கு வருகிறான். வாயில்தோறும் இருந்தவர்கள் அடியார் என்று கைகூப்பி விடுகிறார்கள். கடைசி வாயிலில் தத்தன் மட்டும், அரசர் துயில்கிறார், சமயமறிந்து செல்லும் என்று தடுக்கிறான். முத்தநாதன் அவனை மீறி நுழைகிறான். அரசரோ துயில் நீங்கி எழுந்து, வந்தவனை ஆசனத்தில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்து வணங்கும்போது குத்துண்டு விழுகிறார். வாளை உருவிப் பாய்ந்த தத்தனை விழுந்துகொண்டே தடுத்து, வந்தவனுக்கு யாரும் தீங்கு செய்யாதபடி ஊரெல்லைவரை கொண்டுபோய் விட்டுவரச் சொல்கிறார். தத்தன் திரும்பி வந்து, விட்டுவந்தேன் என்று சொன்ன பிறகே உயிர் பிரிகிறது.

என் பெட்டியின் எல்லையை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் கதையை நான் அறியேன். தத்தனால் வேஷத்தைப் பார்க்க முடிந்தது, வேளையைப் பார்க்க முடிந்தது. சுவடிக் கட்டுக்குள் பார்க்க முடியவில்லை. பெட்டியும் உறையின்மேல் எழுதிய ஐந்து விவரங்களைத்தான் படிக்கிறது. பூட்டிய உறைக்குள்ளே சுவடியா, கத்தியா என்பது அதற்குத் தெரியாது. வீட்டிலிருப்பவர் தாமே ஒரு போலிச் சுட்டியைத் தொட்டு அழைத்துவிட்டால், வந்தவன் ஏட்டில் பெயருள்ளவனாகிறான். காவலன் மரியாதையோடு வழிவிடுவான். அப்படியானால் நாயனார் செய்தது தவறா? அவர் தம் உயிரை வைத்து அந்த விரதத்தைக் காத்தார். அதை அளக்க எனக்குக் கோல் கிடையாது. ஆனால் இந்த வீட்டின் கதவுக்குப் பின்னால் இருப்பது என் உயிர் மட்டுமன்று: பெரியப்பாவின் பென்ஷன் கணக்கு, என் மனைவியின் அலுவலகக் கோப்புகள், மகளின் தேர்வு விண்ணப்பம், எல்லாம் ஒரே கம்பியில் தொங்குகின்றன. தன்னுடையதை வைத்து மெய்ப்பொருளாரைப்போல வாழ ஒருவனுக்கு உரிமையுண்டு. பிறருடையதைப் பணயம் வைத்து அப்படி வாழக் கிருகஸ்தனுக்கு உரிமையுண்டென்று நான் நம்பவில்லை. அந்த இடத்தில் நான் தத்தன் பக்கம்.

இந்தப் பக்கத்தில் நிற்பதற்கு ஓர் ஆபத்து உண்டு. ஏட்டில் பெயரில்லாதவனுக்கு இடமில்லை என்ற விதியை இன்டர்நெட்டில் வரும் தகவல் பாக்கெட்டுகளுக்கு விதித்தால் விவேகம். மனிதர்களுக்கு விதித்தால் என்னாகும் என்பதற்குத் திருப்புன்கூர் இங்கிருந்து வெகுதூரமில்லை. பிறந்த குலத்தின் காரணமாக நந்தனார் அங்கே சிவன் கோயிலுக்குள்ளே வர முடியாமல் வெளியே நின்றபோது, அவருக்குக் காட்சி மறைத்த நந்தி விலகிக்கொடுத்தது. இன்றைக்கும் அந்தக் கோயிலில் நந்தி நேர்கோட்டை விட்டு ஒதுங்கியே இருக்கிறது. வாசற்காவலர்களில் தான் நிற்கும் இடம் தவறென்று கண்டு நகர்ந்தது கல்லால் ஆன அந்த ஒன்றுதான். சதையால் ஆனவர்கள் நகரவில்லை. யந்திரத்துக்கு எழுதும் விதியை எழுதி எழுதி, அதுவே மனத்தின் விதியாகவும் படிந்துவிடுமோ என்ற பயம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது. தட்டுகிறவனுக்குப் பதிலே சொல்லாமல் விடுவது, இல்லையென்று சொல்லியனுப்புவது என்று இரண்டு வகையாகவும் இந்தப் பெட்டியில் மறுக்கலாம். பாதுகாப்பு கருதி எல்லாரும் முதலாவதையே பரிந்துரைக்கிறார்கள், நானும் அதையே வைத்திருக்கிறேன். ஆனால் எங்கள் பாட்டி, கொடுக்க ஒன்றுமில்லாத நாளில்கூட, வாசலில் நின்றவனிடம் கை வேலையாயிருக்கிறேன், போய்விட்டு வா என்றுதான் சொல்வாள். வா என்ற சொல் அதில் இருந்தது.

மூன்றாவது போர்ட்டைப்பற்றி இன்னும் சொல்லவில்லை. ஒன்று தெருவுக்கு, ஒன்று வீட்டுக்கு. மூன்றாவது எதற்கென்று வாங்கும்போது எனக்கே நிச்சயமில்லை. ஓபிஎன்சென்ஸ் அதற்கு ஓபிடி1 என்று ஒரு பெயரை வைக்கிறது. இரண்டு நாள் கழித்து, அதை அழித்துவிட்டுத் 'திண்ணை' என்று பெயர் எழுதினேன். நம் பழைய வீடுகளில் திண்ணை வீட்டைச் சேர்ந்தது, ஆனால் கதவுக்கு வெளியே இருந்தது. அங்கே படுப்பவன் யாரிடமும் பெயர் சொல்ல வேண்டியதில்லை, விடிந்ததும் எழுந்து போகலாம், வீட்டார் நிம்மதியாக உள்ளே தாழிட்டுக்கொண்டு தூங்கலாம். அதிதியை நம்புவதா, நம்பாதிருப்பதா என்று தர்க்கம் செய்துகொண்டிராமல், நம்பாமலே உபசரிப்பதற்கு நம் கொத்தனார்கள் ஓர் இடம் கட்டிவைத்திருந்தார்கள். மூன்றாம் போர்ட்டில் ஒரு சிறு வைஃபை கருவியை மாட்டி, அதில் சேர்ந்தவர்கள் உலகத்துக்குப் போகலாம், எங்கள் கூடத்துக்குள் வர முடியாது என்று இரண்டு விதிகள் எழுதினேன். அதன் கடவுச்சொல்லை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வாசற்புறம் ஒட்டியிருக்கிறேன். கூரியர் கொண்டுவரும் பையன் அதில்தான் தன் மேப்பைத் திறக்கிறான். தேர்வு முடிவு வந்த அன்று, அடுத்த தெருப் பெண்கள் மூன்று பேர் வெயிலில் நின்றபடி அதில்தான் தங்கள் எண்களைத் தேடினார்கள்.

அவர்கள் வெயிலில் நின்றதற்குக் காரணம் உண்டு. வாசலில் சைக்கிள் திருட்டுப் போன வருஷம் எங்கள் நிஜத் திண்ணைக்கு இரும்புக் கிராதி அடித்துப் பூட்டிவிட்டோம். இருபது வருஷத்துக்கு மேலாகிறது. 1968 மகாமகத்தின்போது அந்தத் திண்ணையில் எட்டுப் பேர் படுத்திருந்ததாகவும், எந்த ஊர் என்றுகூட யாரும் கேட்கவில்லை என்றும் பெரியப்பா சொல்வார்.

அட்டையை ஒட்டிய அன்று சாயங்காலம் அவரைக் கைபிடித்து வாசலுக்கு அழைத்து வந்து, போர்ட், விதி, பெயர் எல்லாவற்றையும் விளக்கி, "உங்க கேள்விக்குத்தான் பெரியப்பா இது" என்றேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அட்டையைப் படித்தார். பிறகு கிராதியின் பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். துருவில் சாவித் துளை ஏறக்குறைய அடைந்திருந்தது.

"2028-லே மகாமகம் வருதேப்பா" என்றார். "தேங்காயெண்ணெய் இருந்தா எடுத்துண்டு வா."

சொட்டுச் சொட்டாக விட்டு, சாவியைச் சொருகி, நானும் அவரும் மாறி மாறி முயன்றோம். கடைசியில் சாவி திரும்பியது. ஆனால் பூட்டு விட்டுக்கொடுக்கவில்லை. சாவியும் வெளியே வர மறுத்து, அதிலேயே நிற்கிறது.